சீனக் கணித மேதை மெய் வென்டிங்

சீன நாட்டின் புகழ் பெற்ற கணித மேதை மெய் வென்டிங். இவர் 1633-ம் ஆண்டு சுவான்செங் என்ற ஊரில் பிறந்தார்.

சிறு வயதிலேயே தந்தையுடன் வானத்தைப் பார்த்து நட்சத்திரங்களை அறிந்து கொண்டார். 27-ம் வயதில் பஞ்சாங்கக் கணக்கைக் கற்கத் தொடங்கினார். தம்பிகள் இருவரும் அவருடன் சேர்ந்து படித்தார்கள்.

பஞ்சாங்கச் சண்டை

அப்போது சீனாவில் பஞ்சாங்கம் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. ஐரோப்பியப் பாதிரியார்கள் புதிய கணக்கு முறைகளைக் கொண்டு வந்திருந்தனர். அன்னியர் கணக்கு நமக்கு வேண்டாம் என்று சிலர் எதிர்த்தனர். பாதிரியாருடன் வேலை செய்த சீன அதிகாரிகள் ஐந்து பேரின் தலை 1665-ல் வெட்டப்பட்டது!

பேரரசர் காங்சி ஒரு போட்டி வைத்தார். நடுப்பகலில் கம்பத்தின் நிழல் எவ்வளவு நீளம் விழும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாதிரியார் வென்றார்.

அப்படியானால் நம் முன்னோர் அறிவில்லாதவர்களா? இந்தக் கேள்வி சீன அறிஞர்களின் மனதைப் புண்படுத்தியது.

இரண்டையும் படித்தார்

மெய் வென்டிங் கோபப்படவில்லை. சீன நூல்களையும், ஐரோப்பிய நூல்களின் மொழிபெயர்ப்புகளையும் ஊன்றிப் படித்தார்.

மூன்று ரகத் தானியக் கட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு ரகத்திலும் ஒரு கட்டுக்கு எவ்வளவு தானியம்? இத்தகைய கணக்கைத் தீர்க்கச் சீனாவில் பழங்காலத்திலேயே வழி இருந்தது. 1672-ல் அதை விளக்கி ஒரு நூல் எழுதினார். மேல்நாட்டாரிடம் இதற்கு ஈடு இல்லை என்று கருதினார்.

பிறகு இன்னொரு படி மேலே போனார். மேல்நாட்டுக் கணிதமே ஆதியில் சீனாவிலிருந்து போனதுதான் என்றார். ஆகவே அதைக் கற்பது அவமானம் அல்ல என்பது அவர் முடிவு.

படகில் சந்திப்பு

1705-ல் காங்சி பேரரசர் அவரைத் தமது படகுக்கு அழைத்தார். மூன்று நாட்கள் கணிதம் பற்றிப் பேசினார். பாராட்டு எழுதித் தம் கையாலேயே கொடுத்தார்.

பேரன் அரண்மனையில் கணிதம் பயின்றான். ஐரோப்பிய அல்ஜீப்ராவைப் பேரரசரே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதே போன்ற முறை, யாருக்கும் விளங்காமல் கிடந்த 13-ம் நூற்றாண்டுச் சீன நூல்களில் இருப்பதைப் பேரன் கண்டு பிடித்தான்!

பெருமையும் பிழையும்

1721-ல் மெய் வென்டிங் காலமானார்.

எல்லாம் சீனாவில் பிறந்தது என்று அவர் நம்பியது தவறு. யூக்ளிட்டின் கணிதம் கிரேக்கர் வளர்த்தது. அல்ஜீப்ரா என்பது அரபுச் சொல். இந்த நம்பிக்கையால், வெளியே கற்க எதுவும் இல்லை என்று பின்னால் வந்த சிலர் நினைத்து விட்டனர்.

ஆனால் அதே நாட்டுப்பற்றுதான், மறந்து போன பழைய நூல்களை மீண்டும் தேட வைத்தது. மெய் வென்டிங் முன்னோரையும் போற்றினார், அன்னியரிடமும் கற்றார். அதுவே அவர் பெருமை.