மெரினா குளத்தில் 80 மணி நேரம்: யார் இந்த ஆழிக்குமரன் ஆனந்தன்?

தரையைத் தொடாமல், ஓரத்தைப் பிடிக்காமல், கைகால்களை மட்டும் அசைத்து தண்ணீரில் நிமிர்ந்தபடி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பீர்கள்? திருமுல்லைவாயில் பக்கமிருந்து கோடையில் நீச்சல் கிளாஸ் போகும் நம்மில் பலருக்கு 10 நிமிஷமே பெரிய விஷயம். 1981-ல் மெரினா அண்ணா நீச்சல் குளத்தில் ஒருவர் 80 மணி நேரம் அப்படி இருந்து கின்னஸில் இடம்பிடித்தார்.

அவர் குமார் ஆனந்தன். 1943-ல் பிறந்த வல்வெட்டித்துறைக்காரர். தமிழர்களுக்கு 'ஆழிக்குமரன்'. 1971-ல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்து, திரும்பவும் நீந்தியே ஊர் போனார். மொத்தம் 51 மணி நேரம்!

128 மணி நேரம் ட்விஸ்ட் ஆட்டம், ஒற்றைக் காலில் 33 மணி நேரம் என்று தரையிலும் சாதனைகள் உண்டு. கிறுக்குத்தனமாகத் தெரியலாம். ஆனால், தூக்கத்தையும் வலியையும் தள்ளிப்போடும் பழக்கம்தான் இரண்டு இரவு கடலில் இருப்பதற்கும் வேண்டும்.

அடுத்த இலக்கு இங்கிலீஷ் கால்வாய். அங்கே பிரச்சினையே குளிர்தான். காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும் தண்ணீர். வெதுவெதுப்பான பாக் நீரிணையில் எவ்வளவு நீந்தினாலும் அந்தக் குளிர் பழகாது. இன்று கால்வாயை நீந்த விரும்புவோர், 16 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த நீரில் 6 மணி நேரம் நீந்திக் காட்டியாக வேண்டும்.

1984 ஆகஸ்ட் 6 அன்று அந்த முயற்சியின்போதே ஆனந்தன் உயிரிழந்தார். வயது 41.