சேலத்துப் பிள்ளை, சிங்களப் பாட்டு: மர்ஹூம் மொஹிதீன் பேக்

யாழ்ப்பாணம் சோனகதெருவில் எங்கள் வாப்பா ரேடியோவைத் திருகும்போது ஒரு குரல் வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுவார். அது மொஹிதீன் பேக்கின் குரல்.

1919இல் தமிழ்நாட்டின் சேலத்தில் பிறந்து, சிறுவயதிலேயே கொழும்புக்கு வந்தவர். சிங்களம் அவருக்குத் தாய்மொழியல்ல. ஆனாலும் 1947இல் வந்த 'அசோகமாலா' படத்தில் பாடினார். ருக்மணி தேவியுடன் அவர் பாடிய ஜோடிப் பாடல்களை இன்றும் ஒலிபரப்புகிறார்கள். அக்காலப் பாட்டுகள் பலவும் ஹிந்தி மெட்டுத்தான். அதனால் சிங்களம் தெரியாத வாப்பாவுக்கும் அவை பழகியவையாகவே இருந்தன.

வெசாக் வந்தால் ஒலிபெருக்கிகளில் அவருடைய பௌத்த கீதங்கள் கேட்கும். ஒரு முஸ்லிம் இதைப் பாடலாமா என்று நம்மவர் சிலர் முகம் சுளித்ததுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டு அவரது தொழில். அவர் முஸ்லிமாகவே வாழ்ந்து மறைந்தார்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் விரட்டப்பட்டபோது வாப்பாவின் இசைத்தட்டுகள் அலுமாரியிலேயே கிடந்தன. அடுத்த வருடம் நவம்பரில் பேக் காலமானார். புத்தளம் முகாமில் அன்றிரவு வாப்பா பக்கத்துக் கொட்டிலில் ரேடியோ இரவல் வாங்கி வந்தார்.