உடன்பிறப்புக்களைத் தேடி நடந்த சவேரியார்

ஸ்பெயின் தேசத்து நவார் நாட்டில், சேவியர் கோட்டையில், 1506 ஏப்ரல் 7-ஆம் நாள் கடைக்குட்டியாகப் பிறந்தவர் புனித பிரான்சிஸ் சவேரியார். அண்ணன்மார் மிகேல், யுவான் இருவரும் போர்க்களம் சென்றனர். தம்பியோ 1525-இல் கல்வி கற்கப் பாரிஸ் நகர் சென்றார். பிறந்த வீட்டுக்குத் திரும்பவேயில்லை.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல், மணப்பாடு முதலிய ஊர்களில் கால்நடையாய்ச் சென்று, தமிழில் செபங்கள் கற்பித்தார். இம்மக்களே அவருக்கு உடன்பிறப்புக்களாயினர்.

1544 ஜூனில் வடுகர் படை குமரிமுனைக் கிறிஸ்தவர்களைச் சூறையாடியது. தப்பியோர் கடற்பாறைகளில் ஒளிந்து, சோறும் தண்ணீருமின்றி மடிந்தனர். சேதி அறிந்த சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளுடன் புறப்பட்டார். எட்டு நாள் போராடியும் எதிர்க்காற்று வழிவிடவில்லை. மனந்தளராமல் தரைவழியே நடந்து தேடிப்போனார். உண்ண உணவற்றோர், நடக்கமாட்டாத முதியோர், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார் ஆகியோரைக் கண்டு கலங்கினார். மணப்பாடு வந்துசேர்ந்த அந்த ஏழைகளை அவ்வூரார் அன்போடு ஆதரித்தனர்.

1546-இல் தொலைதூர அம்போய்னா தீவிலிருந்தபோது, சபைச் சகோதரர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய பெயர்களை மட்டும் வெட்டியெடுத்துத் தம்முடன் வைத்துக்கொண்டார். 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையருகே சான்சியான் தீவில் உயிர்நீத்தார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! பாகப்பிரிவினையால் பேச்சற்றுப்போன அண்ணன் தம்பிகளும், பிழைப்புக்காக ஊர்விட்டுப்போய்த் தொடர்பற்றவர்களும் நம் குடும்பங்களில் இல்லையா? யூபிலி விருந்துக்கு உட்காருமுன் அவர்களைத் தேடிப் போவோம். தோணி போகாவிட்டால் நடந்தாவது போவோம்.