எஃப்.ஏ. தேறாத கணித மேதை

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் கணித மேதை ஸ்ரீனிவாச இராமானுஜன். 1897-இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலிடம் பெற்ற அச்சிறுவன், 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தான். அதற்குள் கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவன் கைக்கு வந்திருந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் கொண்ட அந்நூலில் நிரூபணங்கள் சொற்பம். அவற்றைத் தானே நிறுவிப் பார்ப்பதில் அவன் மூழ்கிப்போனான்.

விளைவு, ஆங்கிலக் கட்டுரையில் தோல்வி, உதவித்தொகை நின்றது. 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றார். உடலியல் பாடம் தடுத்தது. 1907-இல் தனித்தேர்வராக எழுதியும் எஃப்.ஏ. கைகூடவில்லை. மாணவர் எதில் ஆழ்ந்தவர் என்று அத்தேர்வு கேட்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரே அளவு நனைந்தவரா என்றே கேட்டது. பட்டமில்லாத இளைஞர் நோட்டுப்புத்தகங்களைச் சுமந்துகொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் சிலகாலம் ஆதரித்தார். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது.

1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். ஹார்டியோ தேர்வுமுறையின் கசப்பை அறிந்தவர். 1898-இல் டிரைபாஸ் என்னும் கணிதத் தேர்வில் நான்காமிடம் பெற்ற அவர், பிற்காலத்தில் அத்தேர்வைச் சீர்திருத்தப் போராடியவர்களுள் ஒருவர். அதன் தரவரிசைப் பட்டியல் 1909-உடன் ஒழிந்தது. அத்தகையவர் கடிதம் எழுதியவரின் பட்டத்தைத் தேடவில்லை, தாள்களைப் படித்தார்.

சென்னைப் பல்கலைக்கழகமும் அவ்வாண்டே விதியைத் தளர்த்தியது. பட்டமில்லாதவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தரவேண்டும் என்பதே நிபந்தனை. அந்த அறிக்கைகளை எழுதுவதில் அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை!

1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். பகா எண்களைப் பற்றி அவர் அனுப்பிய முடிவுகளில் சில பிழையானவை. ஹார்டி அவற்றைச் சுட்டினார். ஆனால் அவற்றைக்கொண்டு அவரை எடைபோடவில்லை. நிரூபணத்தின் ஒழுங்கை லிட்டில்வுட்டும் தாமுமாகக் கற்பித்தார். வற்புறுத்தினால் ஊற்று வற்றிவிடுமோ என்று அஞ்சி, விட்டுப்பிடித்தார். (தரவரிசையை வெறுத்த அதே ஹார்டி, கணித ஆற்றலுக்குத் தமக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, ஹில்பர்ட்டுக்கு 80, இராமானுஜனுக்கு 100 என விளையாட்டாக மதிப்பெண் இட்டதாகச் சொல்வர்.)

1916-இல் ஆய்வின் அடிப்படையில் இளங்கலைப் பட்டமும், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதியும், டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ பதவியும் வந்தன. 1919-இல் நோயுற்று நாடு திரும்பிய அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. 1920 ஏப்ரல் 26 அன்று, 32-ஆம் வயதில், அவர் சென்னையில் மறைந்தார். எஃப்.ஏ. தேர்வில் அவர் இறுதிவரை தேறவேயில்லை.