நடுவருக்கு அரணானவர்

விளையாட்டில் வெற்றியும் தோல்வியும் இயல்பு. அவற்றை இரு தரப்பினரும் ஏற்றுக்கொள்வதற்கு நடுவர்மீது அவர்கள் கொண்ட நம்பிக்கையே அடிப்படை. அணிகளை நடத்துவோரின் செல்வாக்கு நடுவரின் தீர்ப்பில் புகுந்துவிட்டால் அந்நம்பிக்கை குலைந்துவிடும். இவ்வுண்மையை அமெரிக்க நாட்டின் அடிபந்தாட்டக் களத்தில் நிலைநாட்டப் பாடுபட்டவர் பேன் ஜான்சன்.

ஓஹையோ மாநிலத்தின் நார்வாக் என்னும் ஊரில் 1864ஆம் ஆண்டு ஜான்சன் பிறந்தார். சட்டக் கல்வியை இடையில் நிறுத்திவிட்டு, சின்சினாட்டி நகர நாளிதழ் ஒன்றில் விளையாட்டுச் செய்தியாளரானார். அக்காலத்தில் பெரும்பாலான ஆட்டங்களுக்கு ஒரே ஒரு நடுவர்தான் இருப்பார். தீர்ப்புப் பிடிக்காத ஆட்டக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு வசைபாடுவதும் தாக்குவதும் வழக்கமாயிருந்தன. அணி உரிமையாளர்களோ தம் ஆட்டக்காரர்களைக் கண்டிக்கத் தயங்கினர். இந்நிலையைச் செய்தியாளராக நேரில் கண்ட ஜான்சன், அதனை மாற்ற உறுதிபூண்டார்.

1893ஆம் ஆண்டின் இறுதியில் மேற்கத்திய லீக் என்னும் அமைப்பின் தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அவ்வமைப்பே பின்னர் அமெரிக்கன் லீக் எனப் பெயர் மாறி, 1901ஆம் ஆண்டு முதல் முதன்மை லீக்காக உயர்ந்தது. நடுவர்களை அணிகளின் பிடியிலிருந்து விலக்கித் தம் அலுவலகத்தின் நேரடிப் பாதுகாப்பில் வைத்தார் ஜான்சன். நடுவரை அவமதித்தோர்க்கு அபராதமும் ஆடத் தடையும் விதித்தார்.

அவ்வுறுதிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. பால்டிமோர் அணியின் புகழ்பெற்ற மேலாளர் ஜான் மெக்ரா நடுவர்களுடன் ஓயாது மோதியதால், 1902ஆம் ஆண்டில் அவரைக் காலவரையின்றி விலக்கினார். மெக்ரா போட்டி லீக்கைச் சேர்ந்த நியூயார்க் அணிக்குச் சென்றுவிட்டார். அவ்வணி 1904ஆம் ஆண்டில் அமெரிக்கன் லீக் வாகையருடன் உலகத் தொடரில் ஆட மறுத்தது. அதனால் அவ்வாண்டு உலகத் தொடர் நடைபெறவேயில்லை. எனினும் ஜான்சன் தம் கொள்கையிலிருந்து பின்வாங்கவில்லை.

ஆயினும் அவர் வாழ்வில் ஒரு முரண் இருந்தது. 1903ஆம் ஆண்டில் இரு லீக்குகளின் பூசல்களைத் தீர்க்க மூவர் ஆணையம் அமைந்தது. அதன் தலைவரான கேரி ஹெர்மன், சின்சினாட்டி அணியின் தலைவராகவும் இருந்தார். வழக்காடும் தரப்பினரே தீர்ப்பாளராகவும் அமர்ந்த இவ்வமைப்பில் ஜான்சனும் ஓர் உறுப்பினர். 1919ஆம் ஆண்டில் கார்ல் மேஸ் என்னும் பந்து வீச்சாளருக்கு அவர் தடை விதித்தபோது, நியூயார்க் யாங்கீஸ் அணி நீதிமன்றம் சென்று வென்றது. கிளீவ்லாந்து அணியில் ஜான்சனுக்குப் பங்கு இருந்ததும் அப்போது வெளிப்பட்டது. நடுவரிடம் எதிர்பார்த்த விலகி நிற்கும் பண்பினை அவர் தம்மிடம் முழுமையாகக் கைக்கொள்ளவில்லை. அவர் சொல்லின் வலிமை குன்றத் தொடங்கியது.

அவ்வாண்டு உலகத் தொடரில் சிகாகோ ஆட்டக்காரர்கள் சிலர் சூதாடிகளிடம் பணம் பெற்றதாக எழுந்த குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியது. மூவர் ஆணையம் மறைந்தது. எந்த அணியையும் சாராத நீதிபதி கெனசா மவுண்டன் லேண்டிஸ் 1920ஆம் ஆண்டில் தனி ஆணையராக அமர்த்தப்பட்டார். அவருடன் முரண்பட்ட ஜான்சன் 1927ஆம் ஆண்டில் பதவி விலகி, 1931ஆம் ஆண்டில் மறைந்தார். அடிபந்தாட்டப் புகழ் மன்றம் 1937ஆம் ஆண்டில் அவரைச் சிறப்பித்தது.

நடுவரை அணிகளின் பிடியிலிருந்து காத்தது ஜான்சனின் சாதனை. நடுவரை அமர்த்தும் ஆட்சியாளரும் ஆதாயத்திலிருந்து விலகி நிற்க வேண்டும் என்பது அவர் வாழ்வு உணர்த்தும் பாடம். இவ்விரண்டையும் சேர்த்தே நாம் அவரை நினைவிற்கொள்ள வேண்டும்.