விண்ணப்பத்தில் இருக்கும் பேர்

நம்ம எஸ்டேட் லயத்துல மாசமா இருக்கிற பொண்ணுங்களுக்கு மகப்பேறு நிதி கேட்டு எழுதிப் போடுறோமே, அந்தத் திட்டத்துக்குப் பேரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி யாருன்னு குழுக் கூட்டத்துல கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேனுங்க.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் தேவதாசி மரபில் வந்தவர். எதிர்ப்பை மீறி ஆண்கள் கல்லூரியில் படித்தார். 1912-ல் சென்னையில் டாக்டரானார். சென்னை மாகாணச் சட்டசபைக்குள் போன முதல் பெண் அவர்தான். அங்கே துணைத் தலைவராகவும் இருந்தார். பெண்பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்தச் சொல்லி 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார். பெரிய மனுசங்களே எதிர்த்தாங்க. காந்தி கைதானதும் 1930-ல் பதவியை விட்டார். எடுத்த வேலையை விடவில்லை. போக்கிடமில்லாத பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல்தான் வந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார். 1968-ல் மறைந்தார்.

தண்ணிக்கும் ரோட்டுக்கும் மனு கொடுத்துட்டு, ரெண்டு மாசத்துல பதில் வரலைன்னா நாம ஓய்ஞ்சு போறோம். அந்தம்மா கேட்டது கிடைக்க 20 வருசம் ஆச்சு. நாமளும் விடாம கேட்போமுங்க.