இழைகளை வரைந்த அறிஞர்

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது அதன் நடுவிலுள்ள உட்கரு என்னவாகிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வினாவுக்குத் தெளிவான விடை இல்லை. உட்கரு முற்றிலும் கரைந்து மறைந்து, பிறகு புதிய செல்களில் புதிதாகத் தோன்றுகிறது என்று அறிஞர் பலர் கருதினர். அக்கருத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் வால்தர் பிளெமிங் என்னும் ஜெர்மானியர். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் வேறு, இவர் வேறு. பெனிசிலின் கண்டறியப்பட்ட 1928ஆம் ஆண்டில் இவர் மறைந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வால்தர் பிளெமிங் 1843ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், வட ஜெர்மனியில் ஷ்வெரின் நகரை அடுத்த சாக்சன்பெர்க்கில் பிறந்தார். தந்தை மனநல மருத்துவர். ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1868இல் பட்டம் பெற்ற பிளெமிங், பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நிகழ்ந்த போரில் படை மருத்துவராகப் பணியாற்றினார். பின்னர்ப் பிராக் நகரில் சில ஆண்டுகள் கற்பித்தார். 1876இல் பால்டிக் கடலோரத்துக் கீல் நகரப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியரானார்.

அவர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த உயிர் சாலமாண்டர். பல்லியைப் போன்ற உருவமும் தவளைக்கு உறவும் உடையது அது. நீரில் வாழும் அதன் இளவுயிரியின் செவுள்களிலும் வால் துடுப்பிலும் உள்ள செல்கள் மிகப் பெரியவை. ஆயினும் செல் ஏறத்தாழக் கண்ணாடி போன்றது. நுண்ணோக்கியில் வைத்தாலும் உள்ளே இருப்பது எளிதில் புலப்படாது. அந்நாளில் துணிகளுக்கு வண்ணமேற்ற, நிலக்கரித் தாரிலிருந்து அனிலின் சாயங்கள் செய்யப்பட்டு வந்தன. அவற்றைப் பிளெமிங் செல்களின்மீது பயன்படுத்தினார். உட்கருவினுள் ஒரு பொருள் மட்டும் சாயத்தை மிகுதியாக உறிஞ்சி, அடர்ந்த நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் குரோமேட்டின்.

இங்கே ஓர் இடர்ப்பாடு இருந்தது. சாயமிடுவதற்குப் பதப்படுத்தப்பட்ட செல் இறந்துவிடும். அது எந்த நிலையில் இறந்ததோ அந்த ஒரு நிலையை மட்டுமே காட்டும். திருமண வீட்டுப் புகைப்படங்கள் வரிசை குலைந்து கிடந்தால், திருமணத்தைக் காணாத ஒருவர் அவற்றை எவ்வாறு அடுக்குவார்? பிளெமிங்கின் நிலையும் அதுவே. எனவே அவர் உயிருள்ள செல்களையும் பொறுமையோடு உற்றுநோக்கினார். உயிருள்ள செல்லில் மங்கலாகக் கண்ட மாற்றங்களைச் சாயமிட்ட செல்களில் தெளிவாகக் கண்டவற்றோடு ஒப்பிட்டு, எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தினார். கண்டவற்றை நுட்பமான படங்களாக வரைந்தார்.

அப்படங்களோடு 1882இல் அவரது பெருநூல் வெளிவந்தது. உட்கரு கரைந்து மறையவில்லை. அதன் பொருள் இழைகளாகத் திரள்கிறது. ஒவ்வோர் இழையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கிறது. பிளந்த பாதிகள் எதிரெதிர்த் திசையில் சென்று இரு சேய்செல்களை அடைகின்றன என்பதைப் பின்வந்தோர் உறுதிசெய்தனர். இந்நிகழ்வுக்கு, நூலிழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து மைட்டாசிஸ் என்று பெயரிட்டவர் பிளெமிங். அவ்விழைகளுக்குக் குரோமோசோம் என்னும் பெயரை 1888இல் வால்டேயர் என்னும் மற்றோர் அறிஞர் வழங்கினார்.

மெண்டல் தம் பட்டாணி ஆய்வை 1866இலேயே வெளியிட்டிருந்தார். பிளெமிங் அதை அறியவில்லை. தாம் வரைந்த இழைகளே பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டுசெல்கின்றன என்று அவர் இணைத்துக் காண வாய்ப்பில்லாமல் போயிற்று. இருவரும் ஒரே காலத்தில், ஒரே மொழியில் எழுதியவர்கள் என்பதை எண்ணும்போது இது வியப்பளிக்கிறது.

கீல் நகர மக்கள் பிளெமிங்கை வேறொரு காரணத்துக்காகவும் அறிந்திருந்தனர். தம் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கை வீடற்றோர் இல்லங்களுக்கு அளித்துவந்தார். வாரந்தோறும் வீடற்றோருக்கு உணவிட்டார். பள்ளிக்குச் செல்ல வசதியற்ற சிறுவர்க்குக் கணக்கும் அறிவியலும் கற்பித்தார். 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் அந்நகரிலேயே காலமானார்.

அவர் விட்டுச்சென்றவற்றுள் ஒரு சிறு செய்தி நெடுநாள் விளங்காமலே இருந்தது. குரோமோசோமில் ஓரிடம், இடுப்பைப் போலச் சுருங்கியிருப்பதை அவர் குறித்திருந்தார். இன்று அவ்விடம் சென்ட்ரோமியர் எனப்படுகிறது. செல் பிரியும்போது இழுத்துச்செல்லும் கதிர்கோல் இழைகள் பற்றிக்கொள்வது அங்கேதான். பிடிப்பு தவறினால் ஒரு சேய்செல்லுக்குக் குரோமோசோம் ஒன்று கூடும். மற்றதற்கு ஒன்று குறையும். இருபத்தொன்றாம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைவதே டவுன் நோய்க்குறியின் காரணம்.

அவ்விடத்தை அடையாளம் காட்டுவது எது? 1985இல், தோல் இறுகும் நோயுற்ற சிலரின் இரத்தத்தைக் கொண்டு, சென்ட்ரோமியரில் தங்கும் மூன்று புரதங்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் சென்ப்-ஏ என்பது, டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களுள் ஒன்றின் மாற்று வடிவம். அது இருக்குமிடத்தில்தான் பிற புரதங்கள் கூடிக் கதிர்கோல் இழைகளுக்குப் பற்றுக்கோடு அமைக்கின்றன. டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பழைய சென்ப்-ஏ இரு நகல்களுக்கும் பாதிப்பாதியாகப் பங்கிடப்படுகிறது. செல் பிரிந்து முடிந்தபின், துணைப் புரதம் ஒன்று புதிய சென்ப்-ஏ மூலக்கூறுகளைக் கொண்டுவந்து, பழையவை இருக்கும் இடத்திலேயே சேர்த்துக் குறையை நிரப்புகிறது. இவ்வாறு, பிளெமிங் குறித்த அந்தச் சுருங்கிய இடம் தலைமுறை தலைமுறையாக இடம் மாறாமல் காக்கப்படுகிறது.